கல் ஈமப்பேழையைத் துலக்குதல்: பஞ்சா, ஜெல்லா, நீராவியா, லேசரா?

எகிப்தியக் கல் ஈமப்பேழை ஒன்றைத் துலக்க எந்த முறை நல்லது என்ற பேச்சு வந்தால், அது பெரும்பாலும் அழுக்கிலிருந்தே தொடங்கும். புகைக்கரியா, பழைய மெழுகா, உப்பா என்று ஆராய்வார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: செதுக்கிய எழுத்துகளின் பள்ளத்துக்குள் என்ன மிச்சமிருக்கிறது? பேழையின் சமதளப் பரப்பு பல முறைகளுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பழைய வண்ணமும் செதுக்கியவரின் உளித்தடமும் தங்கியிருப்பது சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள அந்தக் கோடுகளில்தான். ஆகவே இங்கே எல்லா முறைகளையும் அந்தப் பள்ளத்தை வைத்தே எடைபோடுகிறோம்.

எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் பேழை இதற்குப் பெரிய பாடம். 1817-இல் இத்தாலியப் பயணி பெல்சோனி அதை மன்னர் பள்ளத்தாக்கில் கண்டபோது, உள்ளே விளக்கு வைத்தால் ஒளி வெளியே கசியும் அளவுக்கு மெல்லிய வெள்ளை அலபாஸ்டராக இருந்தது. பக்கங்களின் கனம் ஏறக்குறைய 2 அங்குலம்தான். உள்ளும் புறமும் நிறைந்த உருவங்களிலும் எழுத்துகளிலும் எகிப்திய நீலம் என்ற செயற்கை நீல வண்ணம் அடைக்கப்பட்டிருந்தது. 1824-இல் கட்டடக்கலைஞர் ஜான் சோன் அதை 2000 பவுண்டுக்கு வாங்கி லண்டனில் தம் வீட்டில் வைத்தார். நகரத்தின் புகையும் ஈரமும் படிந்து கல் மஞ்சள் பழுப்பேறியது. நீலம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பேழையில் பழுப்பைப் போக்கி வெள்ளையை மீட்கும் ஆசையோடு இறங்கினால், ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீலத் துகள்களே முதலில் போகும்.

கல்லை அறிதல்

எகிப்தியப் பேழைகளின் கல் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். அசுவானின் செந்நிற கிரானைட், கறுத்த கிரானோடயோரைட், வாடி ஹம்மாமத்தின் கரும்பச்சை கிரேவாக்கி, கெய்ரோவை அடுத்த ஜெபல் அஹ்மரின் குவார்ட்சைட், துராவின் சுண்ணாம்புக்கல், ஹத்நுப்பின் அலபாஸ்டர் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் அலபாஸ்டர் என்ற பெயர் ஏமாற்றும். ஐரோப்பியச் சிற்பங்களில் அந்தப் பெயரால் வழங்குவது ஜிப்சம். அது தண்ணீரிலேயே சிறிது கரையும். எகிப்திய அலபாஸ்டர் கால்சைட். தண்ணீரைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. சந்தேகம் இருந்தால், தானாக உதிர்ந்த ஒரு துகளை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட வேண்டும். கால்சைட் உடனே நுரைக்கும். இந்தச் சோதனை துகளோடு முடிய வேண்டும். பேழையில் அமிலம் ஒரு சொட்டும் படக்கூடாது.

கடினத்தன்மையும் கணக்கில் வர வேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில், சுண்ணாம்புக்கல்லிலும் அலபாஸ்டரிலும் உள்ள கால்சைட் 3, கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அறுவைக்கத்தியின் எஃகு இவற்றுக்கு நடுவே நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லைக் கத்தி கீறிவிடும். கிரானைட்டிலோ கல் கத்தியைத் தேய்த்துச் சாம்பல் நிற உலோகக் கோட்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும்; பின்னால் அது துருக்கறையாகும். இரண்டு கல்லுக்கும் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்வது நல்லது.

கடினக் கல்லில் வண்ணம் இருக்காது என்று நினைப்பதும் தவறு. துத்தன்காமுனின் பேழை குவார்ட்சைட், அதன் மூடி மட்டும் கிரானைட். இரண்டும் ஒரே கல்போலத் தெரிய மூடிக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். அது நடுவில் உடைந்துபோக, பிளவில் ஜிப்சம் அடைத்து அதன் மேலும் வண்ணம் தீட்டினார்கள். இதை அறியாமல் ஒருவர் ஈரப்பஞ்சோடு வந்து நின்றால், 3300 ஆண்டுப் பழைய பழுதுபார்ப்பு ஒரு பிற்பகலில் கரைந்துவிடும்.

எகிப்திய நீலம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் அதன்மேல் பாய்ச்சினால், அது 910 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பை வெளிவிடும். அறையை முற்றிலும் இருட்டாக்கி, அகச்சிவப்பு கலவாத எல்.இ.டி. விளக்கைப் பிடித்து, அகச்சிவப்புத் தடுப்பான் கழற்றிய கேமராவில் 830 நானோமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்திப் படமெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகளும் வெண்புள்ளியாக மின்னும். இந்தப் படம் கையில் இல்லாமல் பஞ்சைத் தொடக்கூடாது என்பதே எங்கள் முதல் விதி. மின்னும் இடங்களை அச்சிட்ட படத்தில் குறித்து, வேலை நடக்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். சாய்வாக ஒளி விழவைத்து எடுத்த படங்களும் கூடவே தேவை. உளித்தடம் அவற்றில்தான் தெரியும்.

கடைசியாக, தண்ணீர்ச் சோதனை. உதிர்ந்த சிறு துண்டு ஒன்றை அயனி நீக்கிய நீரில் போட்டுச் சில மணி நேரம் பார்க்க வேண்டும். எகிப்தியச் சுண்ணாம்புக்கல் சிலவற்றுக்குள் செபியோலைட், பாலிகோர்ஸ்கைட் ஆகிய களிமண் கனிமங்கள் ஒளிந்திருக்கும். நீர் பட்டதும் அவை ஊதும், கல் ஏடு ஏடாகப் பிரியும். எகிப்தின் நாகா எத்-தெய்ர் என்ற இடத்துச் சிற்பங்கள் சிதைந்ததில் இந்தக் களிமண்ணுக்குப் பங்குண்டு என்று ஆய்வில் தெரியவந்தது. துண்டு கரைந்து சேறானால் அந்தப் பேழைக்கு ஈரமான எந்த முறையும் இல்லை. பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுவிடும்.

உலர் முறை

எல்லாப் பேழைக்கும் இதுவே தொடக்கம். சில பேழைகளுக்கு இதுவே முடிவும்கூட. மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசியை மேலிருந்து கீழாகத் தட்டி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரின் குறைந்த இழுவையில் பிடிக்க வேண்டும். குழாய் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுவது அவசியம். உதிரும் செதில் ஒன்று உள்ளே போகப் பார்த்தால் அந்தத் துணியில் நிற்கும், எடுத்து எண் போட்டு வைக்கலாம். அதன் பிறகு வல்கனைஸ் செய்த ரப்பர் பஞ்சை விரலளவுக் கட்டிகளாக வெட்டி, ஒரே திசையில் ஒற்றியெடுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் ரப்பர் பொடி உதிர்ந்து பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும், புகைக்கரியும் கல்லின் துளைக்குள் ஏறும். கட்டி கறுத்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். திருப்பித் திருப்பிச் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

மெழுகையோ எண்ணெய்ப் பிசுக்கையோ இந்த முறை எடுக்காது. ஆனால் பள்ளத்தில் வண்ணம் உள்ள சுண்ணாம்புக்கல் பேழைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

பஞ்சுக்குச்சியும் கரைசலும்

பல அருங்காட்சியகங்கள் போய்ச் சேரும் இடம் இது. அயனி நீக்கிய நீரும் எத்தனாலும் சம அளவு, அயனியற்ற டிடர்ஜென்ட் இரண்டு மூன்று சொட்டு. எத்தனால் சேர்ப்பதால் ஈரம் விரைவில் ஆவியாகி, கல்லுக்குள் ஆழமாக இறங்காது. பஞ்சைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும். அழுக்கேறியதும் மாற்ற வேண்டும். டிடர்ஜென்ட் இல்லாத நீரால் குறைந்தது இரண்டு முறை ஒற்றியெடுக்காவிட்டால், மிச்சம் நிற்கும் சவர்க்காரப் படலம் சில மாதங்களில் புதுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கிரானைட்டில் பிடிவாதமான அழுக்குக்கு 1 முதல் 2 சதவீத டிரை-அம்மோனியம் சிட்ரேட் நன்றாக வேலை செய்கிறது. அதே கரைசல் சுண்ணாம்புக்கல்லுக்கும் அலபாஸ்டருக்கும் கெடுதல். உலோக அயனிகளைப் பற்றும் சிட்ரேட்டுக்கு அழுக்கின் கால்சியமும் கல்லின் கால்சியமும் ஒன்றுதான். மெருகேற்றிய அலபாஸ்டர் அதன் பிறகு மங்கலாகிவிடும், அந்த மெருகு திரும்பாது.

பஞ்சின் பெரிய குறை பள்ளத்தில் தெரியும். சமதளம் பளிச்சென்று ஆகும்போது, கரைந்த அழுக்கு விளிம்பைத் தாண்டி எழுத்துக்குள் வழிந்து, உலர்ந்ததும் கறுப்புக் கரையாக நிற்கும். ஆகவே பள்ளத்தை முதலில், ஊசிமுனைப் பஞ்சால், உருப்பெருக்கியின் கீழ் முடித்துவிட்டு, பிறகே சமதளத்துக்கு வர வேண்டும். அவசரப்படுபவர்கள் இந்த வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள்.

மெழுகு தனிக் கதை. கறுத்த கல்லின் எழுத்து தெளிவாகத் தெரிய, பார்வையாளர் கைபட்டு அழுக்காகாமல் இருக்க என்று பல காரணங்களுக்காக முந்தைய தலைமுறை மெழுகு பூசியது. எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல் நல்ல எடுத்துக்காட்டு. 1999-இல் அதன் மெழுகு, அச்சு மை, கைப்பிசுக்கு, எழுத்தில் நிரப்பியிருந்த வெள்ளை எல்லாவற்றையும் எடுத்த பிறகே, பசால்ட் என்று எழுதிவந்தது சாம்பல் நிற கிரானோடயோரைட் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மெழுகுக்கு ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான். பரப்பில் மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்து, ஒயிட் ஸ்பிரிட் தோய்த்த காகிதக்கூழைப் பற்றுப் போட்டு, ஆவியாகாமல் பாலித்தீன் தாளால் மூடி 20 முதல் 30 நிமிடம் வைத்தால் மெழுகு இளகிக் கூழில் ஏறும். வெறும் பஞ்சால் தேய்த்தால் மெழுகு இடம் மாறும், அவ்வளவுதான். காற்றோட்டம், கரைப்பான் ஆவிக்கான முகமூடி, நைட்ரைல் கையுறை இவை இல்லாமல் தொடங்கக்கூடாது. அருகில் தீப்பொறி விடும் கருவி எதுவும் இருக்கக்கூடாது.

நீராவி

வண்ணமோ விரிசலோ இல்லாத கிரானைட், கிரானோடயோரைட் பேழைகளில் மெழுகையும் பிசுக்கையும் நீராவியைப்போல் விரைவாக எடுக்கும் முறை வேறில்லை. முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, இளகி வருவதை உடனே பஞ்சால் ஒற்ற வேண்டும். ஆறவிட்டால் மெழுகு பள்ளத்தில் மறுபடி உறையும்.

அலபாஸ்டருக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் இது வேண்டாம். கால்சைட் படிகம் சூடாகும்போது ஓர் அச்சில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். அடுத்தடுத்த படிகங்கள் வெவ்வேறு திசையில் இழுத்துக்கொள்ளும்போது கல்லின் படிக மணிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து, பரப்பு சர்க்கரைபோல உதிரத் தொடங்கும். 2 அங்குலக் கல்லுக்கு ஒரு பக்கம் மட்டும் சூடேற்றுவது இன்னும் மோசம்.

அகர் ஜெல்

வீட்டில் கடல்பாசி இனிப்புச் செய்பவர்களுக்குப் பழக்கமான பொருள்தான். 100 மில்லி நீருக்கு 3 கிராம் அகர். கொதிநிலை வரை சூடாக்கித் தெளிந்ததும் ஆறவிட்டு, இன்னொரு முறை உருக்கினால் ஜெல் சீராக அமையும். இதன் அழகு, தண்ணீரை விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, பரப்பை மட்டும் நனைத்து, கரைந்த அழுக்கைத் தனக்குள் இழுத்துக்கொள்வது. பஞ்சின் உராய்வும் இல்லை.

இதைப் போட இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒன்றல்ல. 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கூழாகத் தூரிகையால் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், அது பள்ளத்தின் அடிவரை இறங்கி, உறைந்து, எடுக்கும்போது எழுத்தின் அச்சாகவே வெளியே வரும். பள்ளத்தில் வெறும் தூசி மட்டும் என்றால் அற்புதம். உதிரும் வண்ணம் இருந்தால் அதையும் அச்சோடு பிடுங்கிக்கொண்டு வரும். தட்டில் ஊற்றி உறையவைத்த தகட்டைப் பேழைமேல் வைத்தால் அது சமதளத்தை மட்டும் தொடும், பள்ளத்தின் மேல் பாலமாக நிற்கும். சேத்தியின் பேழை போன்ற ஒன்றில் ஈர முறை தேவைப்பட்டே தீரும் என்றால், நீலம் மின்னாத பகுதிகளில் இந்தத் தகட்டை எழுத்துகளுக்கு இடையே வெட்டி வைப்பதையே தேர்வோம். ஒரே பொருள், போடும் விதத்தில் காப்பதும் கெடுப்பதுமாக மாறுகிறது.

30 முதல் 60 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். விளிம்பு காய்ந்துபோனால் அது சுருங்கி, தளர்ந்த மணிகளை இழுத்துப் பெயர்க்கும். ரப்பர் பால் பூசி உரிக்கும் ஆயத்தப் பொருள்களும் சந்தையில் உண்டு. அவை பெரிய சுவர்ப் பரப்புகளுக்காக உருவானவை, சிலவற்றில் அம்மோனியாவும், சிட்ரேட்டைப்போல் உலோக அயனிகளைப் பற்றும் இ.டி.டி.ஏ.வும் கலந்திருக்கும். எழுத்து நிறைந்த பேழைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உப்பும் பற்றும்

பேழையின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால் துலக்குவது இரண்டாம்பட்சம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஜாடியில் நீர்விட்டுக்கொள்வதுபோல் கல்லுக்குள்ளும் கரையும், ஈரம் இறங்கியதும் படிகமாகும். ஒவ்வொரு முறையும் அந்தப் படிகம் துளையின் சுவரைத் தள்ளும். மழைக்காலமும் வெயிலும் மாறி மாறி வரும் அறையில் இது ஓயாமல் நடக்கும்.

உப்பை வெளியே எடுக்கப் பற்றுப் போடலாம். ஜப்பானியத் தாள், அதன் மேல் அயனி நீக்கிய நீரில் ஊறிய காகிதக்கூழ் 1.5 முதல் 2 சென்டிமீட்டர். நீர் முதலில் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும், பிறகு காயும்போது உப்போடு பற்றுக்குத் திரும்பும். இரண்டாவது கட்டம் நடக்க, பற்றின் துளை கல்லின் துளையைவிட நுண்ணியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் கல்லிலேயே தங்கி, உப்பு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். நுண்துளைச் சுண்ணாம்புக்கல்லுக்குக் கூழோடு கயோலின் களிமண்ணும், சுருங்கி விலகாமல் இருக்கச் சிறிது மணலும் சேர்ப்பது இதனால்தான். எடுத்த பற்றை அளந்த நீரில் கரைத்து மின்கடத்துதிறனைப் பார்த்துக் குறித்து வர வேண்டும். எண் இறங்கி நின்றுவிட்டால் போதும்.

துண்டுச் சோதனையில் களிமண் தெரிந்த கல்லுக்குப் பற்று ஆகாது. உப்பை உள்ளேயே விட்டு, அது அசையாதபடி ஈரப்பதத்தை நிறுத்துவதுதான் அங்கே சிகிச்சை. மூடிய கண்ணாடிக் கூடு, உள்ளே 40 முதல் 45 சதவீதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல். கூட்டின் 1 கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய நம்பகமான கணக்கு. 5 கன மீட்டர் காற்றிடம் என்றால் 100 கிலோ ஆகிறது, அதை வைக்கும் தட்டுக்கும் எடுக்கும் கதவுக்கும் பீடத்தை வரையும்போதே இடம் விட வேண்டும். செலவு கண்ணைக் கரிக்கும். ஆனாலும் சுண்ணாம்புக்கல் பேழைக்கு ஒதுக்கும் பணம் துலக்கலைவிடக் கூட்டுக்குப் போவதே மேல்.

லேசரும் மணல்வீச்சும்

1064 நானோமீட்டர் நியோடிமியம்-யாக் லேசர், வெளிர்ந்த கல்மேல் படிந்த கரும் புகைப் பொருக்குக்குப் பொருத்தமானது. கறுப்பு ஆற்றலை உறிஞ்சித் தெறிக்கும், வெள்ளைக் கல் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், ஆகவே பொருக்கு தீர்ந்ததும் வேலை தானே நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் நான்கு சிக்கல். வெள்ளைக் கல் சில சமயம் மஞ்சளாகத் தெரியும். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் சிற்பங்களுக்கு 1064-ஐயும் 355-ஐயும் கலந்து பாய்ச்சியது இதைத் தவிர்க்கத்தான். செந்நிற கிரானைட்டின் சிவப்பு, ஃபெல்ட்ஸ்பாருக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது. லேசர் பட்டால் அது நிறம் மாறும். பள்ளத்தில் உள்ள வண்ணங்கள் பலவும் கறுக்கும் அபாயம் உண்டு. கறுத்த கிரானோடயோரைட்டிலோ கல்லும் அழுக்கும் ஒரே கறுப்பு, எங்கே நிறுத்துவதென்று லேசருக்குத் தெரியாது. மொத்தத்தில், வண்ணமற்ற சுண்ணாம்புக்கல் மேல் கரும்பொருக்கு என்ற ஒற்றை நிலைமையில்தான் இதன் வாடகைச் செலவு நியாயமாகிறது.

அழுத்தக் காற்றில் பொடியை வீசும் முறை, எவ்வளவு நுண்மையானதாக இருந்தாலும், எழுத்துள்ள பரப்புக்கு வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல்வீச்சு பட்டு மழுங்கிய கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத்தின் விளிம்புதான் முதலில் உருண்டையாகும், விளிம்பு போனால் சாய்வொளியிலும் படிக்க முடியாது.

தொடக்கூடாத அழுக்கு

பேழையின் உட்புறக் கறை பலவேளை பிசின், எண்ணெய், பிணப்பதனப் பொருள்களின் எச்சம். மாதிரி எடுத்து வைக்காமல் அங்கே பஞ்சு போகக்கூடாது. பிற்காலத் தடயமும் அப்படியே. எகிப்திய மன்னர் இரண்டாம் நெக்தனேபோவின் பேழை அலெக்சாந்திரியாவின் அத்தாரின் மசூதியில் நீர்த்தொட்டியாகப் பயன்பட்டது. அடிப்பக்கத்தில் சுற்றிலும் 12 துளைகள் இட்டிருக்கிறார்கள். இத்தகைய தொட்டியில் சுண்ணப் படிவு இருந்தால் அதுவும் வரலாறுதான். எழுத்தை மறைக்கும் இடத்தில் மட்டும் மெலிதாக்கி, மற்றதை விட்டுவைப்பது எங்கள் தேர்வு.

நவீன காலத்துச் சிமெண்டு அடைப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அதிலிருந்து கரையும் கார உப்புகள் அருகிலுள்ள கல்லைப் பொரியவைக்கும். சிறு உளியால் அடைப்பின் நடுவிலிருந்து குடைந்து விளிம்புக்கு வர வேண்டும். அமிலத்தால் கரைக்கும் குறுக்குவழி வேண்டாம். பழைய இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அவற்றுக்குப் பதில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம்.

உறுதியூட்டுவதில் தேர்வு எளிது. வண்ணச் செதிலுக்குப் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினின் 5 சதவீதக் கரைசல், ஜப்பானியத் தாள் வழியாக. திரும்பவும் அசிட்டோனில் கரைத்து எடுக்கலாம் என்பது இதன் பலம். 40 டிகிரியில் இளகும் என்பது பலவீனம். தெற்கு எகிப்தின் லக்சரில் குளிரூட்டாத கிடங்கின் கோடையில் அது பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். எத்தில் சிலிகேட் என்ற உறுதியூட்டி கிரானைட்டோடும் குவார்ட்சைட்டோடும் சேரும், கால்சைட்டைச் சரியாகப் பிடிக்காது, போட்டால் எடுக்க முடியாது. உதிரும் சுண்ணாம்புக்கல்லுக்கு எத்தனாலில் மிதக்கும் நானோ சுண்ணாம்பு (மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்) பொருந்தும். அதிகமானால் வெண்படலம் பூக்கும்; எனவே நீர்க்கவைத்துப் பலமுறை கொடுக்க வேண்டும்.

எந்த முறையானாலும், முதலில் கண்ணில் படாத மூலையில் 2 சென்டிமீட்டர் சதுரங்களில் சோதித்து, முழுதும் உலர்ந்த பிறகு, மறுநாள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். ரொசெட்டா கல்லில் கீழ் மூலையில் ஒரு சிறு சதுரத்தைத் துலக்காமல் விட்டுவைத்தார்கள். பேழையிலும் எழுத்தும் சமதளமும் இரண்டும் அடங்கும்படி அப்படி ஒரு சதுரம் விட வேண்டும். வேலை முடிந்து 6 மாதம் கழித்தும், ஒரு மழைக்காலம் கடந்த பிறகும், அதே விளக்கை அதே கோணத்தில் வைத்து மறுபடி படமெடுத்து, முதல் படத்தில் மின்னிய நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்.